ஒவ்வொரு கிரான்ட்லயும் 5% மென்பொருள் பராமரிப்புக்கு: வேணுமா, வேணாமா?

குரோம்பேட்டை கம்பைலர்

ஒரு கோரிக்கை மனு தயாராகுது. சென்னைல இருக்கிற ஆய்வகங்கள்ல கையெழுத்து வாங்கி, ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிற மத்திய அரசு அமைப்புகளான ஏ.என்.ஆர்.எஃப்.க்கும் டி.எஸ்.டி.க்கும் அனுப்பத் திட்டம். சாரம் ஒரே வரி: அரசு கொடுக்கிற ஒவ்வொரு ஆராய்ச்சி கிரான்ட்லயும் 5 சதவீதம், அந்த ஆய்வு நம்பியிருக்கிற மென்பொருளைப் பராமரிக்க மட்டும்னு தனித் தலைப்புல ஒதுக்கணும். அனுப்புறதுக்கு முன்னாடி இங்க, இந்த விவாதத் தளத்துல, ஒரு தடவை அடிச்சுத் துவைச்சுக் காயப் போட்டுடலாம்னு பதியறேன்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வாங்கினா, வாரன்டி முடிஞ்சதும் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுறோம். எந்தக் கமிட்டியும் முகம் சுளிக்கிறதில்ல. காசு கட்டி வாங்குற மென்பொருள் லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்கிறோம், "இந்த வருஷம் இதுல என்ன புதுமை?"ன்னு யாரும் கேக்கிறதில்ல. ஜர்னல் படிக்க 'ஒரே நாடு ஒரே சந்தா'ன்னு 2025-லேருந்து மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். அந்த ஜர்னல்ல வர்ற கணக்கைப் போட்ட நிரலுக்குக் காசு கேட்டா மட்டும் முதல் கேள்வியே "நாவல்ட்டி எங்க?"

தொடாம வெச்ச நிரல் எப்படிக் கெடும்னு கேக்கிறவங்களுக்கு: நிரல் கெடாது, கீழ இருக்கிற தரை நகரும். நிரலை மெஷின் மொழிக்கு மாத்துற கம்பைலர்கள்ல ஒண்ணு ஜி.சி.சி.; 2020-ல அதோட 10-ஆம் பதிப்பு வந்துது. அதுவரைக்கும் ஃபோர்ட்ரான் 77-ங்கிற பழைய நிரல் மொழில ஒரே சப்ரூட்டீனை (துணை நிரலை) ஒரு இடத்துல தனி எண்ணோடயும் இன்னொரு இடத்துல அர்ரேயோடயும் (எண் வரிசையோடயும்) கூப்பிட்டா, கம்பைலர் முனகிட்டு விட்டுடும். 10-லேருந்து அது எச்சரிக்கை இல்ல, பிழை. நேத்து வரைக்கும் கம்பைல் ஆன நிரல் இன்னிக்கு ஆகாது. 2023 அக்டோபர்ல பைத்தான் மொழியோட 3.12 பதிப்பு வந்தப்போ, பேக்கேஜ் கட்ட உதவுற டிஸ்ட்யூட்டில்ஸைத் தூக்கிட்டாங்க. ஃபோர்ட்ரானை பைத்தானோட ஒட்டுற எஃப்2பை அதனால மெசான்ங்கிற வேற பில்டு கருவிக்கு மாறிடுச்சு, பழைய செட்டப் ஃபைல் செல்லாக்காசு. 2024 ஜூன்ல பைத்தானோட எண் கணக்கு நூலகமான நம்பை 2.0: பழைய 1-ஆம் வரிசைக்குக் கம்பைல் பண்ணின எக்ஸ்டென்ஷன் அதுல ஏறாது, திரும்ப பில்டு பண்ணணும். அதே ஜூன் 30-ஆம் தேதி சென்டோஸ் 7-ங்கிற லினக்ஸ் பதிப்புக்கு ஆயுள் முடிஞ்சுது. கிளஸ்டரை (பல கணினிகளை இணைச்ச தொகுப்பை) புது லினக்ஸுக்கு மாத்தினா, மேல சொன்ன மூணும் ஒரே வாரத்துல தலைல விழும்.

ஒவ்வொண்ணும் சின்ன வேலைதான். செய்ய ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும்.

பழையன கழிதல்

கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆய்வகத்துல எழுதுற நிரல்ல பெரும்பாலானதைக் காப்பாத்தவே கூடாது. ஒரு பேப்பருக்கு ஆறு படம் வரைய எழுதின ஸ்கிரிப்ட், பேப்பர் வந்த அன்னிக்கே கடமையை முடிச்சுடுச்சு. அதுக்கு வைத்தியர் வேணாம், மரியாதையான அடக்கம் போதும். நிரல், உள்ளீட்டுத் தரவு, வந்த விடை, எந்தெந்தப் பதிப்புல ஓடுச்சுங்கிற பட்டியல், நாலையும் ஜெனோடோங்கிற ஆய்வுக் காப்பகத் தளத்துல ஏத்தி டி.ஓ.ஐ. (நிரந்தர அடையாள எண்) வாங்குங்க. நிரல் ஓடத் தேவையான முழுச் சூழலையும் ஆப்டெய்னர்ங்கிற கருவியால கன்டெய்னர்ல அடைச்சு ஒரே ஃபைலா பக்கத்துல வைங்க. ஒரு நாள் வேலை. அப்புறம் ஜி.சி.சி. 10 வந்தா என்ன, 20 வந்தா என்ன?

எல்லாரும் நம்பியிருக்கிற அடித்தள நூலகங்களுக்குக் காசு வர வழி ஏற்கெனவே திறந்திருக்கு. நம்பைக்கு மூர், ஸ்லோன் அறக்கட்டளைகள் 2017-ல கொடுத்துச்சு. சான் சக்கர்பர்க் அமைப்பு 2019-ல அறிவியல் திறமூல மென்பொருளுக்குன்னே தனித் திட்டம் தொடங்குச்சு. ஜெர்மனி 2022-ல சாவரின் டெக் ஃபண்ட். நம்ம நாட்டுலயே பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, திறமூலத் திட்டங்களுக்குன்னு 2024 அக்டோபர்ல ஃப்ளாஸ் ஃபண்ட் ஆரம்பிச்சு வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குது. ஒரு திட்டத்துக்கு 10,000 டாலர்லேருந்து ஒரு லட்சம் டாலர் வரைக்கும்.

எல்லா கிரான்ட்லயும் 5%ன்னா, ஒரு கிணறு வெட்டாம ஊர் பூரா முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டுற கதைதான்.

வவுச்சர்

கொள்கைச் சண்டையை நீங்கள் தொடருங்கள். கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

50 லட்ச ரூபாய் ப்ராஜெக்ட், மூன்று ஆண்டு. 5% என்றால் 2.5 லட்சம்; ஆண்டுக்கு 83,333. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு மாணவர்) உதவித்தொகை மாதம் 37,000, சென்னைக்கு வீட்டு வாடகைப்படி 30% சேர்த்தால் 48,100. ஆக, நீங்கள் கேட்கும் 5% என்பது ஆண்டில் ஒரு ஜே.ஆர்.எஃப்.க்கு ஏழரை வாரச் சம்பளம். (சனியைச் சொல்லவில்லை.) ஏழரை வாரத்துக்கு யாரை வேலைக்கு எடுப்பீர்கள்?

எடுக்க முடியாது. பணம் கிடக்கும். பிப்ரவரி வரும். மார்ச் 31-க்குள் செலவாகாத தொகை பயன்பாட்டுச் சான்றிதழில், அதாவது ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில், மீதியாகத் தெரியும். மீதி தெரிந்தால் அடுத்த தவணையில் கைவைப்பார்கள் என்ற பயம். உடனே மூன்று கொட்டேஷன், "மென்பொருள் மேம்பாட்டுச் சேவை" என்று ஒரு வொர்க் ஆர்டர், மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு ஜிப் ஃபைல். பராமரிப்பு என்ற தலைப்பில் பராமரிக்க இன்னொரு நிரல் சேரும்.

கருவி வாங்குவது போன்ற ஒரு முறைச் செலவுக்கு நம் தலைப்புகள் பழகியவை. சிறிது சிறிதாக, ஓயாமல், எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் வரும் செலவுக்கு அவற்றில் இடமே இல்லை. 5% என்பதை 10% ஆக்கினாலும் இந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

குரோம்பேட்டை கம்பைலர்

ஏழரை வாரக் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா 20 ப்ராஜெக்டைச் சேர்த்துப் பாருங்க: வருஷத்துக்கு 16.67 லட்சம். அனுபவமுள்ள ஒரு ஆளை முழு நேரமா வெச்சுக்கலாம். இங்கிலாந்துல 2010-ல சாஃப்ட்வேர் சஸ்டெயினபிலிட்டி இன்ஸ்டிட்யூட் வந்துது, 2012-ல 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்'ங்கிற பதவிப் பேரே அங்கதான் பிறந்துது. 2014-ல அவங்க 15 பல்கலைக்கழகங்கள்ல எடுத்த கணக்கெடுப்புல 92 சதவீதம் பேர் ஆய்வு மென்பொருள் பயன்படுத்துறதாவும், 69 சதவீதம் பேர் அது இல்லாம தங்க ஆய்வே நடக்காதுன்னும் சொல்லியிருக்காங்க. சொந்தமா நிரல் எழுதுறவங்க 56 சதவீதம்.

கழிதல் சார், கன்டெய்னர் பத்தி. பழைய பேப்பரோட படத்தைத் திரும்ப வரையறதுக்கு அது போதும், மறுக்கல. ஆனா ஓடிக்கிட்டிருக்கிற நிரலுக்கு அது ஊறுகா ஜாடி. கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் (இயங்குதளத்தோட மையப்பகுதி) கிடையாது, வெளில இருக்கிற மெஷினோடதுதான். பல கோர்களைப் பேச வெச்சு ஒரே வேலையைப் பகிர்ந்து செய்ய வைக்கிறது எம்.பி.ஐ.; உள்ள இருக்கிற எம்.பி.ஐ.யும் கிளஸ்டர்ல இருக்கிற எம்.பி.ஐ.யும் ஒத்துப்போகலன்னா, 128 கோர்ல ஒரே வேலையா ஓட வேண்டியது 128 தனித்தனி ஒத்தை வேலையா ஓடும். பிழைச் செய்தி வராது, 128 தடவை அதே விடை வரும். ஜி.பி.யு. டிரைவர் வெளில, அந்த ஜி.பி.யு.ல கணக்குப் போட வைக்கிற குடா மென்பொருள் உள்ள. அது இன்னொரு கல்யாணம். மேல, உள்ளீட்டு ஃபைல் வடிவம் மாறினா ஜாடியைத் திறந்துதான் ஆகணும். திறக்கிறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

எஸ்.ஆர்.எஃப். ஐந்தாம் ஆண்டு

கன்டெய்னரை பில்டு பண்ற ரெசிப்பி ஃபைலைச் சேமிச்சா மட்டும் போதாதுங்க, பில்டு ஆன ஃபைலையே சேமிக்கணும். ரெசிப்பில "சென்டோஸ் 7-லேருந்து ஆரம்பி"ன்னு இருக்கும். அந்த ரெப்போ (மென்பொருள் கிடங்கு) இப்போ பழைய முகவரில இல்ல, வால்ட்ங்கிற பழைய பதிப்புக் காப்பகத்துக்குப் போயிடுச்சு. மென்பொருளை இறக்கி நிறுவுற 'யும்' கட்டளை முதல் வரிலயே நின்னுடும்.

அடையாறு முகத்துவாரம்

விவாதம் நம்பை, ஜி.சி.சி. என்றே சுற்றுகிறது. அவற்றை உலகமே பார்த்துக்கொள்கிறது என்பதில் கழிதல் சொல்வது பாதி சரி. உலகம் பார்த்துக்கொள்ளாத ஒரு அடுக்கு இருக்கிறது. ஒரே உதாரணம் தருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்திய வானிலைத் துறையின் 'ஒரு நாள் மழை' நள்ளிரவில் தொடங்குவதில்லை. முந்தைய நாள் காலை 8:30 முதல் இன்று காலை 8:30 வரை பெய்தது இன்றைய தேதியில் பதிவாகிறது. செயற்கைக்கோள் மழைத் தரவான ஐமெர்கின் நாள் கோப்பு, உலக நேரப்படி 0 மணி முதல் 24 மணி வரை கூட்டியது. நம் கடிகாரத்தில் அது காலை 5:30 முதல் மறுநாள் காலை 5:30. இப்போது மிக்ஜாம் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 3 காலை 8:30-க்கு மேல் நுங்கம்பாக்கத்தில் விடிய விடியப் பெய்த மழை வானிலைத் துறை அட்டவணையில் டிசம்பர் 4-ல் இருக்கும். ஐமெர்க் கோப்பில் அதில் பெரும்பகுதி டிசம்பர் 3-ல் இருக்கும். தேதியை வைத்து இரண்டையும் ஒட்டும் ஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட ஒரு நாள் தவறும்.

சிலர் இதைக் கண்டுபிடித்து ஒரு நாள் நகர்த்திவிடுகிறார்கள். பாதி வைத்தியம் அது. இன்னும் 3 மணி நேரம் இடிக்கும், 5:30-க்கும் 8:30-க்கும் இடையில் கொட்டியது தவறான நாளில் விழும். சரியான வழி, நாள் கோப்பைத் தொடாமல் அரை மணிக் கோப்புகளை எடுத்து, உலக நேரம் 3:00 முதல் மறுநாள் 3:00 வரை 48 கோப்புகளைக் கூட்டுவது.

இதில் கொடுமை என்னவென்றால் எதுவும் உடைவதில்லை. நிரல் ஓடும், வரைபடம் வரும், மழைக்கும் ஆற்று வரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மட்டும் பொய்யாக இருக்கும். மாதிரியைச் சரிக்கட்டுகிறவர் மண்ணின் ஊடுருவு வீதத்தைத் திருகி அந்தப் பொய்யை விழுங்க வைத்துவிடுவார். அடுத்த புயலுக்கு அந்த மாதிரி உதவாது.

8:30 சிக்கலைத் தீர்க்க அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ யாரும் காசு தரப்போவதில்லை, அது அவர்கள் கவலையும் இல்லை. ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு மாணவர் இதைத் தனியாகக் கண்டுபிடித்து, தன் ஸ்கிரிப்டில் மட்டும் திருத்தி, பட்டம் வாங்கிப் போய்விடுகிறார். அடுத்தவர் முதலிலிருந்து.

பழையன கழிதல்

நல்ல உதாரணம். என் கட்சிக்கும் அதுவே சாட்சி. 48 கோப்பைக் கூட்டுறது இருபது வரி நிரல். ஒரு தடவை எழுதி, சோதிச்சு, பொதுவுல வெச்சா முடிஞ்சுது. அதுக்கு நிரந்தர ஆள் எதுக்கு? ஒரு பரிசுத் தொகை அறிவிங்க: "இந்தப் பிழையைத் திருத்தினா 40,000 ரூபாய்." வேலை முடிஞ்சா காசு. ஏ.எம்.சி. இல்ல, மார்ச் 31 பயம் இல்ல.

குரோம்பேட்டை கம்பைலர்

பரிசு அறிவிக்கணும்னா பிழை இருக்குன்னு முதல்ல தெரியணுமே சார்.

என்.எம்.ஆர். (மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடிக்கிற காந்த அலைமுறை) கணக்குக்கு 2014-ல நேச்சர் புரோட்டோகால்ஸ் ஜர்னல்ல வெளியான பைத்தான் ஸ்கிரிப்டுகளை எடுத்துக்கோங்க. ஃபோல்டர்ல இருக்கிற கோப்புகளோட பட்டியலை குளோப்ங்கிற பைத்தான் கட்டளை மூலமா வாங்கும். ஒவ்வொரு மூலக்கூறு அமைப்புக்கும் ரெண்டு கோப்பு, அது வர்ற வரிசையை நம்பித்தான் ஜோடி சேர்க்கும். குளோப் எந்த வரிசைல கொடுக்கும்னு பைத்தான் எந்த வாக்குறுதியும் கொடுக்கிறதில்ல, அது இயங்குதளத்தோட இஷ்டம். எழுதினவங்க மெஷின்ல அகர வரிசைல வந்துது. லினக்ஸ்ல வரல. ஜோடி மாறி, விடை மாறி, ஆனா நம்புற மாதிரியே ஒரு எண். ஹவாய் பல்கலைக்கழகத்துக்காரங்க 2019-ல கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள 150-க்கும் மேல பேப்பர்கள் அந்த ஸ்கிரிப்டை நம்பியிருந்திருக்கலாம்னு கணக்கு. திருத்தம்? குளோப் கொடுக்கிற பட்டியலைச் சுத்தி 'சார்ட்டட்'னு ஒரே சொல்.

ஒரு சொல் திருத்தத்துக்கு அஞ்சு வருஷம். மாசம் ஒரு தடவை மூணு இயங்குதளத்துல தானா சோதனை ஓட்டியிருந்தா முதல் மாசமே சிக்கியிருக்கும். பொது ரெப்போவா இருந்தா கிட்ஹப்ல அந்த ஓட்டம் இலவசம். சோதனையை எழுதுறதும், சிவப்பு விளக்கு எரிஞ்சா எழுந்து போய்ப் பாக்கிறதும்தான் இலவசம் இல்ல.

பழையன கழிதல்

சரி, அந்த அடி விழுந்துது. ஒரு கேள்வி. "பராமரிப்பு"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றீங்க. இருபது, முப்பதாயிரம் வரி நிரலுக்கு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம்? எதுக்கு எதுக்கு? எண் இல்லாம மனு அனுப்பினா குப்பைக் கூடைதான்.

குரோம்பேட்டை கம்பைலர்

நல்ல நிலைல இருக்கிற நிரல்னா 50 மணி நேரம் போதும்னு என் மதிப்பு. புது நூலகப் பதிப்புகளோட மாசச் சோதனையைப் பாக்க ஒரு மணி, ஆக 12. வருஷத்துக்கு ரெண்டு வெளியீடு, ஒவ்வொண்ணுக்கும் 8, ஆக 16. வர்ற பிழைப் புகார்களுக்கு 15. எதிர்பாராம எதாவது ஒண்ணு உடையும், அதுக்கு 7. கேவலமான நிலைல இருக்கிற நிரல்னா, முதல் வருஷம் சோதனை எழுதவே 100 மணி நேரம் தனியாப் போகும்.

குறைஞ்சது மூணு சோதனை வேணும். பேப்பர்-பென்சில்ல விடை தெரிஞ்ச ஒரு கணக்கு, வெளியான பேப்பர்ல வந்த ஒரு எண், முன்னாடி ஒரு தடவை உடைஞ்ச உள்ளீடு. விடையைப் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடக் கூடாது. பெருக்கிக் கூட்டுறதை ஒரே கட்டளையா செய்யுற புது சிப்லயும், எம்.பி.ஐ. கூட்டல் வரிசை மாறுற இடத்துலயும் கடைசி இலக்கங்கள் மாறத்தான் செய்யும். நேரடிக் கணக்குன்னா 10 இலக்கம் வரைக்கும் ஒத்துப்போகணும், திரும்பத் திரும்பச் சுத்துற சால்வர்னா 6. இதைவிடத் தளர்த்தினா சோதனை எப்பவும் பச்சையா இருக்கும், பிழையும் உள்ள நிம்மதியா இருக்கும்.

எஸ்.ஆர்.எஃப். ஐந்தாம் ஆண்டு

50 மணி நேரத்துல சாவி மாத்துறதையும் சேருங்க. பைத்தான் பேக்கேஜ்களை வெளியிடுற பைப்பை தளத்துல 2024 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ரெண்டாவது சாவி மாணவரோட ஃபோன்ல இருக்கும். அவர் போஸ்ட்டாக்குக்கு விமானம் ஏறினதும் பழைய ஃபோன் போச்சு, மூணு மாசத்துல நிறுவன மின்னஞ்சலும் போச்சு. பாஸ்வேர்டை மீட்கிற கடிதம் அந்தச் செத்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். நிரல் நம்ம கைல, வெளியிடுற உரிமை யார் கைலயும் இல்ல. ஆய்வகம் புதுப் பேர்ல வெளியிடும், பயனர்கள் பழைய பேர்லயே இறக்கிக்கிட்டிருப்பாங்க. ரெண்டு பேருக்கு உரிமை கொடுத்து, மீட்புக் குறியீட்டை அச்சடிச்சு பீரோல வெச்சா பத்து நிமிஷ வேலை.

வவுச்சர்

கழிதல் முதல் பதிவில் வெளிநாட்டு அறக்கட்டளைகளைக் காட்டினார். வழி திறந்திருக்கிறது உண்மை, வாசலில் செக்போஸ்ட் இருக்கிறது.

நாலு ஆய்வகம் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்து கொடை வாங்கலாம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுக் கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்குச் சங்கத்துக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பணம் டெல்லியில் குறிப்பிட்ட ஒரே எஸ்.பி.ஐ. கிளைக்குத்தான் வந்து இறங்கும். நேற்று தொடங்கிய சங்கத்துக்கு இது கானல் நீர். தனிநபர் வெளிநாட்டு அமைப்புடன் சேவை ஒப்பந்தம் போட்டால் அது கொடை அல்ல, தொழில் வருமானம், எஃப்.சி.ஆர்.ஏ. வராது. ஆனால் அரசு நிறுவன ஊழியர் என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும், அந்த ஃபைல் எவ்வளவு நாள் நகரும் என்று உங்களுக்கே தெரியும்.

உள்நாட்டு கிரான்ட் பற்றிய ஒரு பழைய பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஆராய்ச்சி மானியத்துக்கு ஜி.எஸ்.டி. என்று பீதி கிளம்பியதே, 2024 செப்டம்பர் கவுன்சில் கூட்டத்தில் அரசு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் முதலியவை வாங்கும் ஆராய்ச்சி மானியத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். மனுவில் அதை எழுதி இடத்தை வீணாக்காதீர்கள்.

அடையாறு முகத்துவாரம்

அயல்நாட்டை நம்புவது பற்றி இன்னொன்று. மழைநீர் வடிகால் வடிவமைப்பவர்கள் கையில் இருப்பது ஸ்வம் என்ற மென்பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1971 முதல் வளர்த்த பொதுச் சொத்து. அவர்கள் வரிப்பணம், நம் வடிகால். 2025 ஜூலையில் அந்த முகமை தன் ஆராய்ச்சிப் பிரிவையே மூடப்போவதாக அறிவித்தது. ஸ்வம் வளர்ந்தது அந்தப் பிரிவில்தான். மூலநிரல் பொதுவில் இருப்பதால் நாளைக்கே காணாமல் போகாது. ஆனால் "உலகம் பார்த்துக்கொள்ளும்" என்பதை ஒரு ஏற்பாடாக நினைத்துத் தூங்க முடியாது.

சென்னைக்கென்றே சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-ல் வந்தது. மழை முன்கணிப்பு, ஆற்று வரத்து, கடல் ஏற்றவற்றம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊட்டும் சங்கிலி. இது போன்ற சங்கிலியில் வேளச்சேரியில் ஒரு புது வடிகால் வெட்டினாலும் தரவு மாற வேண்டும், ஒரு கண்ணியின் கோப்பு வடிவம் மாறினாலும் அடுத்த கண்ணி மாற வேண்டும். திறப்பு விழாவோடு முடிகிற வேலை இல்லை.

பழையன கழிதல்

அப்போ ஒத்துக்கிறேன்: பகிர்ந்து பயன்படுத்துற, உள்ளூருக்கே உரிய அடுக்குக்கு ஆள் வேணும். 5% தலைப்பை மட்டும் இன்னும் ஒத்துக்கல. பயனர்கிட்ட காசு வாங்கினா என்ன? அணு அளவுல பொருட்களைக் கணக்கிடுற வாஸ்ப் மென்பொருள் அப்படித்தான் ஓடுது, ஆய்வகங்கள் லைசென்ஸ் கட்டித்தான் வாங்குறாங்க. யாருக்குத் தேவையோ அவங்க கட்டுவாங்க, யாருக்கும் தேவையில்லாதது தானா சாகும். கமிட்டியே வேணாம்.

எஸ்.ஆர்.எஃப். ஐந்தாம் ஆண்டு

பக்கத்துலயே அதே மாதிரி வேலை செய்யுற குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ இலவசமா இருக்கே. சின்னக் கல்லூரி மாணவர் எதுக்குப் போவார்? 8:30 மணிக் கோப்பைக் கூட்டுற நிரலுக்கு லைசென்ஸ் போட்டா, ஆளுக்கு ஒண்ணு தப்பா எழுதிக்குவாங்க. நாம ஆரம்பிச்ச இடத்துலயே நிப்போம்.

வவுச்சர்

லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் வாங்குங்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் சைஃப் என்ற கருவி மையம் இருக்கிறது. எந்தக் கல்லூரியும் சாம்பிள் அனுப்பலாம், கட்டணப் பட்டியல் உண்டு. கட்டணத்தைப் ப்ராஜெக்டிலிருந்தே கட்டுகிறார்கள். ஆடிட்டில் யாரும் கேள்வி எழுப்புவதில்லை. புதுத் தலைப்பு கேட்டு டெல்லிக்கு மனு போடாமல், இதே அச்சில் ஒரு மென்பொருள் மையம் வையுங்கள். நிரல் எல்லாருக்கும் இலவசம், உழைப்புக்குத்தான் மணிக்கட்டணம்.

விலை போடுவோம். ஒரு பொறியாளர் ஆண்டுக்கு 15 லட்சம், இதர செலவு 3 லட்சம், மொத்தம் 18 லட்சம். 225 வேலை நாள், நாளுக்கு 8 மணி, 1,800 மணி. அதில் 60 சதவீதத்தைத்தான் பில் போட முடியும் என்று வையுங்கள்: 1,080 மணி. மணிக்கு 1,667 ரூபாய். கம்பைலர் சொன்ன 50 மணி நேரத்துக்கு 83,350. நீங்கள் முதலில் கேட்ட 5%-ம் கிட்டத்தட்ட அதே தொகைதான், ஆனால் இப்போது அதன் பின்னால் ஆள் இருக்கிறார்.

பழையன கழிதல்

சாம்பிள் கொண்டு வர்றவன் மெஷினுக்கு எண்ணெய் போடக் காசு கொடுக்க மாட்டான். மணிக்கட்டணம்னா எல்லாரும் "எனக்கு ஒரு புது பட்டன் வெச்சுக் கொடு"ன்னுதான் வருவாங்க. 'சார்ட்டட்' சேர்க்கிறதுக்கு யார் புக் பண்ணுவா?

வவுச்சர்

மைக்ராஸ்கோப்பின் ஏ.எம்.சி.க்கும் யாரும் தனியாக புக் செய்வதில்லை, அது சாம்பிள் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கேயும் பில் போடாத 720 மணி எதற்கு? பொது அடுக்கின் எண்ணெய் அதுதான். அதோடு 50 மணியை ஆண்டு ஒப்பந்தமாக மட்டும் விற்கலாம், சில்லறையாக வேண்டாம்.

குரோம்பேட்டை கம்பைலர்

மனுவைக் கிழிச்சுட்டுத் திரும்ப எழுதுறேன். 20 ஆய்வகம் சேர்ந்தா மையம் நிக்கும்னு போடலாமா?

வவுச்சர்

20 போதாது. 20 × 83,350 = 16.67 லட்சம். 1.33 லட்சம் துண்டு விழும். 22 வேண்டும், 22-க்கும் 1,100 மணி ஆகிறது, பில் போடும் மணியைக் கொஞ்சம் தாண்டுவீர்கள். வெளியார் பில்லில் 18% ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டுங்கள், கட்டணத்துக்குள் கலக்காதீர்கள். முக்கியமாக, கட்டணப் பட்டியலை நிறுவனத்தின் நிதிக் குழு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் எண் இல்லாமல் புதிய ப்ரொப்போசலில் 83,350 என்று எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

பழையன கழிதல்

ஒரு நிபந்தனை சேருங்க, கையெழுத்துப் போடுறேன். எழுதின ஆய்வகத்தைத் தவிர வேற ரெண்டு ஆய்வகம் பயன்படுத்துற நிரலுக்கு மட்டும்தான் ஒப்பந்தம். மத்தது எல்லாம் ஜெனோடோவுக்கு.

அடையாறு முகத்துவாரம்

முதல் வேலையாக 8:30-ஐப் போடுங்கள், அந்த நிபந்தனையைத் தாண்டிவிடும். சோதனைத் தரவுக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம், 2023 டிசம்பர் 2 முதல் 5 வரை. இரண்டு நிலையத்தையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் ஒரு நாள் தள்ளிப்போனதா, மழையே அங்கே குறைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.